ராட்டினத்தடிப் பஞ்சாயத்து

ஜீப் கடைசி வளைவை இறங்கித் தரையைத் தொட்டதிலிருந்து நீலாவதி கேட்டுக்கொண்டே வந்தாள். "எங்க பெரீப்பா? எங்க கீது?"

அவளுடைய பெரியப்பா கோபால்சாமி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில், முதுகு சாய்மானத்தில் படாமல் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டை, சரிகைக் கரை வைத்த தலைப்பாகை. மடியில் ஐந்து வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் வரைக்கும் இப்படி விறைப்பாக வருவது லேசான காரியமில்லை. ஆனால் புளியங்கொல்லை ஊர்க்கவுண்டர் ஜீப்பில் சாய்ந்து வாய் பிளந்து தூங்கினார் என்று நாளைக்கு ஊரில் ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது. பின்னால் ஆளும் மூட்டையும் கோழியுமாக அடைந்து கிடந்த கூட்டத்தில் மாதையனும் இருந்தான். சொல்லக்கூடிய வாய் அது.

தோப்பு விலகியதும் அது தெரிந்தது. முதலில் மரங்களுக்கு மேலே வளைந்த இரும்பு ஒன்று. பிறகு அதில் தொங்கிய சிவப்புத் தொட்டி, மஞ்சள் தொட்டி, பச்சைத் தொட்டி. ஜீப் நகர நகர முழு வட்டமும் வானத்தில் எழுந்து நின்றது. நீலாவதி கூச்சல் போட்டாள். பின்னால் அவள் அண்ணன் வீரன், அப்பா லட்சுமணனின் தோளைப் பிடித்து ஏறி, கூரைத் துணிக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினான். மாதையனின் மகன் ரங்கனும் சேர்ந்துகொண்டான். கோழிகூடக் கொக்கரித்தது. கோபால்சாமிக்கும் கத்தத் தோன்றியது. அதை அவர் மீசையைத் தடவி அடக்கினார்.

"அவ்ளோதானா?" என்றார் ஓட்டுநரிடம். "இன்னமோ பெருசா சொன்னியே."

"கிட்டப் போய்ப் பாருங்க கவுண்டரே. கழுத்து சுளுக்கிக்கும்."

பள்ளிக்கூட மைதானம் ஒன்றைத் தகரத்தால் வளைத்துக் கண்காட்சி போட்டிருந்தார்கள். கோடை விடுமுறை முடிகிற மட்டும் இருக்கும். ஜீப் ஓட்டுநர் வாரம் தவறாமல் மலைக்குக் கொண்டுவந்த செய்தி இதுதான். இரும்பு ராட்டினம் இருக்கிறது, கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான், ஆளைக் குள்ளமாக்குகிற கண்ணாடி இருக்கிறது. வீரனும் நீலாவதியும் களியைத் தொடமாட்டோம் என்று அடம்பிடித்த மூன்றாம் நாள் கோபால்சாமி வாக்குக் கொடுத்தார். கொடுத்தால் கொடுத்ததுதான். அவருக்கென்று பிள்ளை கிடையாது. மனைவி போன பிறகு தம்பி லட்சுமணனின் குடும்பம்தான் குடும்பம். அந்த வீட்டின் சொல், ஊரின் சொல், இரண்டும் அவர் நாக்கில் இருந்தது. அந்த நாக்கு ஒருமுறைகூடப் புரண்டதில்லை என்பதில் அவருக்குப் பெருமை அதிகம்.

வாசலில் வண்ண பல்புகள் பகலிலேயே எரிந்தன. ஒலிபெருக்கியில் ஒருவன் காணாமற்போன குழந்தைகளின் சட்டை நிறத்தைப் பாடுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கொப்பரையில் முறம் அளவுக்கு அப்பளம் பொரிந்து எழுந்தது. வீரனுக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஓடினான். லட்சுமணன் துரத்தினான். லட்சுமணனின் மனைவி செந்தாமரை, புதுப்புடவை மண்ணில் புரளாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் மகளைப் பிடித்துக்கொண்டு, "மாமா, கூட்டத்துல கைய வுட்டுடாதீங்க" என்று கோபால்சாமிக்கே புத்தி சொன்னாள். வேறு நாளாக இருந்தால் ஒரு பார்வை பார்த்திருப்பார். இன்றைக்கு விட்டுவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் வரிசையாகக் காட்சிக் கூடங்கள். ஒன்றில் மண்ணால் மலை செய்து, பச்சைச் சாயம் அடித்து, அதன்மேல் சின்னச் சின்னக் குடிசை வைத்திருந்தார்கள். குடிசை வாசலில் இடுப்பில் தழை கட்டிய பொம்மைகள் ஈட்டி பிடித்து நின்றன. கோபால்சாமி நின்றார். குனிந்து பார்த்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மூக்குக் கண்ணாடி போட்ட இளைஞனைக் கூப்பிட்டார்.

"இது யாருப்பா?"

"மலை ஜனங்க, பெரியவரே. ஜவ்வாது மலையில இருக்காங்க."

"தழை கட்டிகினா?"

"ஆமாங்க."

"நீ போய்ப் பாத்தியா?"

இளைஞன் அப்போதுதான் எதிரில் நிற்பவரைத் தலைப்பாகையிலிருந்து செருப்பு வரை பார்த்தான். அவனுக்குச் சட்டென்று வியர்த்தது. "இல்லீங்க... செஞ்சி குடுத்தாங்க, வெச்சிருக்கோம்."

"நாங்க வெள்ளாம பண்றவங்க. சாமையும் கேழ்வரகும் போடறவங்க. ஏர் எங்க? மாடு எங்க? அத வெய்யி. வேட்டி கட்டு. பொம்மைக்குன்னாலும் மானம் வேணும்." சொல்லிவிட்டு நகர்ந்தார். பத்தடி போனதும் பின்னால் லட்சுமணன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், அந்த இளைஞன் தன் கைக்குட்டையைக் கிழித்து ஒரு பொம்மைக்குச் சுற்றிக்கொண்டிருந்தான். கோபால்சாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணாடிக் கூடாரத்தில்தான் நிலைமை மோசமானது. முதல் கண்ணாடியில் லட்சுமணன் பூசணிக்காய் ஆனான். இரண்டாவதில் செந்தாமரையின் கழுத்து மட்டும் தனியாக நீண்டு வளைந்தது. பிள்ளைகள் தரையில் விழுந்து புரண்டார்கள். கோபால்சாமி வாசலோடு நின்றுகொள்ளலாம் என்று பார்த்தார். வீரன் வேட்டியைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். கண்ணாடிக்குள் தலைப்பாகை மட்டும் பெரிய கூடையாகி, அதற்குக் கீழே உடம்பே இல்லாமல் இரண்டு பாதங்கள் நின்றன.

"பெரீப்பா நடக்கற காளான்!" என்று வீரன் கத்தினான்.

செந்தாமரை பயந்து மகன் வாயைப் பொத்தினாள். கோபால்சாமி ஒரு காலை மெல்லத் தூக்கிப் பார்த்தார். காளானும் ஒரு காலைத் தூக்கியது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மற்றக் காலையும் தூக்கினார்.

மரணக் கிணற்றில் பலகை அதிர மோட்டார் சைக்கிள் சுற்றியபோது, விளிம்பில் நின்றவர்களில் பெரிதாக விசிலடித்தவன் லட்சுமணன். அதற்கடுத்த சத்தம் யாருடையது என்று செந்தாமரைக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

வெயில் சாய்ந்ததும் ராட்டினத்தடிக்கு வந்தார்கள். கிட்டத்தில் அது உண்மையாகவே கழுத்தைச் சுளுக்க வைத்தது. ஒரு தொட்டியில் நாலு பேர். மேலே போகிற தொட்டியிலிருந்து செருப்பு ஒன்று கீழே விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. கோபால்சாமி, லட்சுமணன், வீரன் மூவரும் வரிசையில் நின்றார்கள். நீலாவதிக்கு நிற்கப் பொறுமையில்லை. தூரத்தில் ரோஜா நிறத்தில் புகை மாதிரி ஒன்றைச் சுற்றிக் கொடுக்கிறார்கள், அது வேண்டும் என்று அழுதாள். செந்தாமரை அவளை அழைத்துக்கொண்டு போனாள்.

வரிசையில் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றவன் மாதையன். தோளில் ரங்கன்.

"இன்னா கவுண்டரே, மேல போறீங்களா? மலையவுட ஒசரம் இருக்கும்னு சொல்றாங்களே."

"புள்ளைங்களுக்காக."

"நானும் புள்ளைக்காகத்தான்." மாதையன் சிரித்தான். அந்தச் சிரிப்பின் அடியில் ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

அந்த ஆட்டின் கதை இதுதான். கோபால்சாமிக்கும் லட்சுமணனுக்கும் நடுவில் ஒரு தங்கை, பச்சையம்மா. வீரன் பிறந்த வருஷம் மலைத் திருவிழாவுக்குத் தின்பண்டம் விற்க வந்த படவேட்டுக்காரன் கிருஷ்ணனோடு அவள் இறங்கிப் போய்விட்டாள். மலைக்கு வெளியே, சாதிசனத்துக்கு வெளியே. ஊர் கூடியது. வேறு வீட்டுப் பெண் என்றால் என்ன தீர்ப்போ அதையே கோபால்சாமி தன் வீட்டுப் பெண்ணுக்கும் சொன்னார். தள்ளிவைப்பு. அவள் கையால் யாரும் வாங்கித் தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது, அவள் பாயில் உட்காரக்கூடாது. மீறினால் மீறினவனும் தள்ளி. ஊருக்கு ஆடு வைத்து, சாமி முன்னால் தண்ணீர் தெளித்துக்கொள்கிற வரைக்கும் அவனோடு யாரும் பாயில் உட்காரமாட்டார்கள். கடையில் காசு கொடுத்து வாங்குவது வேறு. அதில் உறவு இல்லை. கையால் கொடுப்பதும் கையால் வாங்குவதும்தான் உறவு. அன்று அவர் குரல் நடுங்கவில்லை என்பதைப் பக்கத்து ஊர்களிலும் பேசினார்கள். அடுத்த ஆடியில் படவேட்டுத் திருவிழாவுக்குப் போன மாதையன், வெயிலில் மயங்கி, பச்சையம்மா நீட்டிய மோரை வாங்கிக் குடித்துவிட்டான். யாரோ பார்த்துவிட்டார்கள். ஆட்டைக் கொடுத்தான். அந்த ஆடி முழுக்க அவன் வீடு ஊரோடு சேராமல் இருந்தது.

வரிசை நகர்ந்தது. இன்னும் இரண்டு தொட்டி நிறைந்தால் இவர்கள் முறை. "செந்தாமர எங்கடா?" என்று கோபால்சாமி திரும்பியபோது நீலாவதி ஓடி வந்துகொண்டிருந்தாள். உதடு, கன்னம், மூக்கு நுனி எல்லாம் ரோஜா நிறம்.

"பெரீப்பா! வாயில வெச்சா காணாம பூடுது! அந்த அத்த ஊட்டி வுட்டாங்க!"

"எந்த அத்த?"

பின்னால் வந்த செந்தாமரையின் முகத்தில் ரத்தமில்லை. அவள் கோபால்சாமியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "கடையில அவங்கதான் மாமா இருந்தாங்க. எனக்குத் தெரியாது. நான் காச எடுக்கறதுக்குள்ள புள்ள மொகத்த பாத்துட்டாங்க. 'எங்கம்மா மூக்கு'ன்னாங்க. கையால எடுத்து வாயில வெச்சிட்டாங்க."

கோபால்சாமிக்கு ராட்டினத்தின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கவில்லை. பிறகு எல்லாச் சத்தமும் சேர்ந்து கேட்டது.

"பச்சையம்மாவா?" என்றான் மாதையன். மகனைத் தோளிலிருந்து இறக்கினான். நிதானமாக இறக்கினான். "கையாலயா?"

"அது வெறும் காத்து," என்று லட்சுமணன் முந்திக்கொண்டான். "பஞ்சு முட்டாய் ஒரு தீனியாண்ணா? வாயில வெச்சா ஒண்ணும் கெடையாது."

"ஒண்ணுமே இல்ல," என்று நீலாவதி சாட்சி சொல்லி வாயைத் திறந்து காட்டினாள். பெரியப்பாவுக்குக் காட்டினாள், அப்பாவுக்குக் காட்டினாள், மாதையனுக்கும் காட்டினாள்.

மாதையன் குனிந்து பார்த்தான். "நாக்கு சொல்லுதே தாயி. நல்லா செவந்து கீது."

"கொழந்தைக்கு இன்னா தெரியும்?" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற திருப்பத்தூர்க்காரப் பெண்மணி ஒருத்தி. விஷயம் என்னவென்று தெரியாமலே தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டாள். "முட்டாய் தின்னா அடிப்பாங்களா? போங்கய்யா."

"மோரும் தண்ணிதாம்மா," என்றான் மாதையன், அவளிடம் சொல்வது போலக் கோபால்சாமியிடம். "நாக்கு வறண்டு உயிர் போவுது. ஒரு சொம்பு தண்ணிதான். ஆட்ட ஓட்டிகினு போனாங்க. நல்ல செனை ஆடு. பொண்டாட்டி மூணு நாளு அழுதா."

கோபால்சாமிக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை தின்றது உண்மை. கையால் வாங்கியது உண்மை. அப்படியானால் நீலாவதி தள்ளி. ஐந்து வயதுப் பெண், தண்ணீர் தெளித்துக்கொள்கிற வரை தனிப்பாய், தனித்தட்டு. திருவிழாவில் மற்றப் பிள்ளைகள் ஆடுகிறபோது ஓரத்தில் நிற்கவேண்டும். இதைச் சொல்லவேண்டியது யார்? அவர்தான். சொல்லாமல் விட்டால்? விட்டால் மாதையனின் ஆடு தினம் வந்து அவர் வாசலில் கத்தும்.

மாதையன் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றான். என்ன கண்டானோ, அவன் குரல் மாறிவிட்டது. நக்கல் போய்விட்டது.

"வுடுங்க கவுண்டரே," என்றான் மெதுவாக. "புள்ள. நான் ஒண்ணும் பாக்கல. இந்தப் பக்கம் திரும்பி இருந்தேன்னு வெச்சிக்குங்க. ஊர்ல நான் வாயத் தொறக்கமாட்டேன்."

அதுதான் குத்தியது. அவன் கேலி செய்தவரையில் கோபால்சாமி தாங்கினார். அவன் இரக்கப்பட்டதைத் தாங்க முடியவில்லை. இனிமேல் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மாதையன் ஒரு மூலையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பான். ஊர்க்கவுண்டர் வீட்டு மானம் மாதையன் மடியில் முடிந்து கிடக்கும். அதற்கு ஊரை விட்டுத் தள்ளி நிற்பது மேல்.

"வரிசைய பாத்துக்க," என்று தம்பியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கூட்டத்துக்கு நடுவில் அவர் நடை வேகம் குறையவில்லை. நீலாவதி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், இன்னும் ஒரு வாய் கிடைக்கும் என்று. வரிசையைப் பார்த்துக்கொள் என்று சொன்ன லட்சுமணன் வரிசையை விட்டுவிட்டு வந்தான். வீரன், செந்தாமரை, மகனை இழுத்துக்கொண்டு மாதையன், எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

தகரத் தொட்டி ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதன் நடுவில் அடுப்பு. கிருஷ்ணன் கீழே கால்மிதியை மிதித்துக்கொண்டிருந்தான். தொட்டி விளிம்பில் ரோஜா நூல் படிந்து படிந்து எழுந்தது. அதைக் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தவளின் கை முழங்கை வரை சிவந்திருந்தது. தலைமுடியில் சர்க்கரை நூல் ஒட்டி, பாதி நரைத்தவள் போல இருந்தாள். பச்சையம்மா கொஞ்சம் பருத்திருந்தாள். கிருஷ்ணன்தான் முதலில் பார்த்தான். அவன் கால் நின்றது. தொட்டி வேகம் குறைந்து கிறீச்சிட்டது.

"மிதி," என்றாள் அவள் தலை தூக்காமல். "நின்னா சக்கர தீஞ்சிடும்."

பிறகு தலை தூக்கினாள்.

அண்ணனைப் பார்த்தாள். அவர் தலைப்பாகையைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மாதையனைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கடைக்கு வருகிறவர்களைக் கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"இன்னா வேணும்?"

"ஒண்ணு," என்றார் கோபால்சாமி.

"குச்சியிலயா? கையிலயா?"

கிருஷ்ணனின் கால் ஒரு மிதி தப்பியது. குச்சியில் என்றால் கடை. காசைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போகலாம்; மலையில் ஒருத்தரும் ஒரு சொல் சொல்ல முடியாது. குழந்தை தின்றதையும் கடையில் தின்றதாகச் சேர்த்துவிடலாம். அவள் அண்ணனுக்கு வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டாள். அவருக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான். வழி விட்டுக் கேட்பாள். வீட்டை விட்டுப் போகிறதற்கு முதல் வாரமும் அடுப்படியில் நின்று, "அண்ணா, நான் படவேட்டுக்குப் போய்ட்டு வரட்டா?" என்று கேட்டாள். கோயிலுக்கு என்று நினைத்துக்கொண்டு அவர் தலையாட்டினார்.

நீலாவதி அவர் விரலை இழுத்தாள். "கையில வாங்கு பெரீப்பா. கையிலதான் நெறைய வரும்."

கோபால்சாமி வலது கையை நீட்டினார்.

"கையில," என்றார். கொஞ்சம் உரக்கவே சொன்னார், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று.

பச்சையம்மா விளிம்பில் படிந்ததை விரல்களால் வழித்து, திரட்டி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது. எடை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. அப்படியே முழுவதையும் வாயில் போட்டார். மென்றார். மெல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றுமில்லாததை மெல்லுகிற அவர் முகத்தைப் பார்த்து நீலாவதி துள்ளித் துள்ளிக் கைதட்டினாள்.

மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "பாத்தியா மாதையா? இப்பவும் அந்தப் பக்கம் திரும்பி இருந்தியா?"

"பாத்தேன் கவுண்டரே."

"ஊர்ல சொல்லு. எங்க வூட்டுப் புள்ள தனியா தள்ளி நிக்காது. நானும் தள்ளி."

மாதையன் தலையைச் சொறிந்தான். "அதில்ல... தீர்ப்பு சொல்றவரே தள்ளி பூட்டா, தண்ணி தெளிக்கச் சொல்றது யாரு?"

கோபால்சாமிக்கு அதுவரை அது தோன்றியிருக்கவில்லை. "ஊரு யோசிக்கட்டும். எல்லாத்தையும் நானே யோசிக்கணுமா?"

"ரொம்ப இனிப்பா கீதாண்ணா?" என்றாள் பச்சையம்மா பின்னாலிருந்து. குரல் இப்போது கடைக்குரலாக இல்லை.

"ஜாஸ்திதான்."

"சக்கரைண்ணா. வேற இன்னா இருக்கும்?"

லட்சுமணன்தான் அடுத்த சிக்கலைக் கண்டுபிடித்தான். "அண்ணா, நீயும் நீலாவும் தள்ளின்னா, நாங்க ஒங்ககூட ராட்டினத்துல எப்பிடி ஒக்கார்றது? நாலு பேருக்கு ஒரு தொட்டி."

"தனித் தொட்டியில ஒக்காருங்க."

"அப்ப வூட்டுல?"

அதற்குள் வீரன் பொறுமை இழந்துவிட்டான். காலையிலிருந்து அவனுக்கு இந்த ரோஜா நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை. "எனக்கு! எனக்கு ரெண்டு கையிலயும்!" என்று தொட்டிக்கு மேலேயே பாய்ந்தான். பச்சையம்மா அவனைத் தடுத்து, இரண்டு கையிலும் வைத்தாள். கையை மட்டுமல்ல, முகத்தையும் அதில் புதைத்தான். லட்சுமணன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மறுக்கவில்லை. அவனும் கை நீட்டினான்.

"நீயும் தின்னும்மா," என்றார் கோபால்சாமி செந்தாமரையிடம். "ஒருத்தி மட்டும் ஊரோட இருந்து இன்னா பண்ணுவ?"

செந்தாமரை புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டாள். "நான் அப்பவே தின்னுட்டேன் மாமா. நீலா கன்னத்துல ஒட்டி இருந்திச்சி... வீணாப் போவுதேன்னு."

முதலில் சிரித்தது கிருஷ்ணன். பயந்து நிறுத்தினான். பிறகு பச்சையம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். முகமெல்லாம் சிவப்பாகிவிட்டது.

ராட்டினக்காரன் அங்கிருந்தே கத்தினான். "ஏ தலப்பா பெரியவரே! ஒங்க முறை போவுது! வர்றியா, அடுத்த ஆள ஏத்தட்டா?"

மாதையனையும் ரங்கனையும் தவிர வந்தவர்கள் எல்லோரும் ஓடினார்கள். கோபால்சாமியும் ஓடினார். ஊர்க்கவுண்டர் ஆன பிறகு அவர் ஓடியதில்லை. ஒரு தொட்டியில் லட்சுமணனும் செந்தாமரையும், அடுத்ததில் இரண்டு பிள்ளைகளோடு கோபால்சாமியும் ஏறினார்கள். ராட்டினக்காரன் கம்பியைப் போட்டுப் பூட்டினான். "தலப்பாவ கெட்டியா புடிச்சிக்க. பறந்துச்சின்னா நான் பொறுப்பில்ல."

தொட்டி ஒரு குலுக்கலோடு தரையை விட்டது.

முதல் சுற்றில் அவர் எதையும் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்தார். இரண்டாவது சுற்றில், உச்சியிலிருந்து இறங்குகிறபோது வயிறு மேலேயே தங்கிவிட்டது. "யம்மாடியோவ்!" என்று யாரோ அலறினார்கள். பிள்ளைகள் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி அலறினார்கள். அடுத்த சுற்றுக்கு மூவரும் காத்திருந்து, சேர்ந்தே அலறினார்கள். மேல்தொட்டியிலிருந்து லட்சுமணன் என்னவோ கத்தினான், காற்று கொண்டுபோய்விட்டது. சுற்றச் சுற்ற அவருக்குப் பயம் போய், இன்னும் வேகமாகச் சுற்றினால் என்ன என்று தோன்றியது.

வேகம் தணிந்து, கீழே ஆட்களை இறக்குவதற்காக ராட்டினம் நின்றபோது இவர்கள் தொட்டி உச்சியில் இருந்தது. காற்றில் மெல்ல ஆடியது. கிழக்கே, வயலுக்கும் தோப்புக்கும் அப்பால், மலை நீலமாகக் கிடந்தது. அதில் எது புளியங்கொல்லை என்று வீரன் கேட்டான். அவர் ஒரு மடிப்பைக் காட்டினார். சரியாகத்தான் காட்டினாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"பெரீப்பா, அங்க பாரு," என்றாள் நீலாவதி. அவள் மலையைப் பார்க்கவில்லை. கம்பிக்கு இடையில் முகத்தை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் குனிந்தார். விளக்குகளுக்கு நடுவே அந்தத் தகரத் தொட்டி ஒரு ரோஜாப் புள்ளியாகத் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி ரங்கன், அப்பன் கையைப் பிடித்து, உடம்பையே சாய்த்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். மாதையன் குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றான். ஒரு அடி இழுபட்டான். நின்றான். பிள்ளை மறுபடி இழுத்தான். கடையில் பச்சையம்மா கையில் எதையோ திரட்டி வைத்துக்கொண்டு, நீட்டாமல், காத்திருந்தாள்.

தொட்டி குலுங்கி இறங்கத் தொடங்கியது. அடுத்த தொட்டியின் பச்சைத் தகரம் வந்து அந்த இடத்தை மறைத்தது.